சொன்ன சொல் தட்டாதவள்

ரெபேக்காளைப் பொறுத்தவரை அயர்லாந்து என்றால் ஒரு கன்னியாஸ்திரி. வெயில் பட்டால் வேகவைத்த இறால் நிறத்துக்கு வரும் முகம், இடுப்பில் ஜெபமாலை, வாயைத் திறந்தால் ஒரே அதட்டல். பெயர் சிஸ்டர் கான்செப்டா. குமரிக் கடற்கரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ரெபேக்காளுக்கு நர்ஸ் படிப்புச் சொல்லிக்கொடுத்தவர். நல்லவரா என்று கேட்டால் நல்லவர்தான் என்பாள். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அந்த அம்மா பிறந்த நாட்டிலும் காலம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அங்கேயும் ஆட்கள் மாறிக்கொண்டுதான் இருப்பார்கள் என்பது, துபாயில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி நாற்பத்தேழு வயசான பிறகும் அவளுக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தால் இதை நான் சொல்லவேண்டிய அவசியமே வந்திருக்காது.

அல் கூஸில், மார்பிள் அறுக்கிற கம்பெனிக்கும் லேபர் கேம்புக்கும் நடுவில் ஒரு கிளினிக். அங்கேதான் அவளுக்கு டியூட்டி. விரல் நசுங்கி வருகிறவன், வெயிலில் சுருண்டு விழுந்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவன், ஒரு நாள் லீவுக்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவன், எல்லோருக்கும் அவள் ‘சிஸ்டர்’. "க்யா ஹுவா பாய்?" என்று கேட்டபடியே கையைப் பிடித்தால் ஊசிக்கு நரம்பு அகப்பட்டுவிடும். அப்படி ஒரு கைராசி. கைராசியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கிளினிக்கைப் புதிதாக வாங்கியவர்கள், டிப்ளமோ நர்ஸ்கள் இனி வேண்டாம், டிகிரி படித்தவர்கள் போதும் என்று ஒரே தாளில் முடித்துவிட்டார்கள். ஜூன் கடைசியோடு வேலை கலாஸ். புருஷன் ஜான் பீட்டர் ருவைஸ் எண்ணெய் ஆலையில் வெல்டராக இருந்து, நெஞ்சுவலி கண்டு, இரண்டு வருஷம் முன்பே ஊருக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். ஆகவே ரெபேக்காளின் விசா போனால், அதில் தொற்றிக்கொண்டிருக்கும் மகள் டெல்சியின் விசாவும் சேர்ந்து போகும். ஜெத்தாவில் ஷரஃபியா பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். பதில் இல்லை.

அவளுக்குத் தன்னைப் பற்றிப் பயமில்லை. ஊருக்குப் போனால் மீன் கழுவிக்கூடப் பிழைத்துக்கொள்வாள். பயமெல்லாம் டெல்சியைப் பற்றித்தான். பத்தொன்பது வயசுப் பெண். பிறந்தது துபாய், படித்தது துபாய். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. லீவுக்கு ஊருக்குப் போனால் மூன்றாம் நாளே அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவளுக்கு வருகிற ஒரே வித்தை நடிப்பு. அதை வைத்துக்கொண்டு குமரிக் கடற்கரையில் ஒரு பெண்பிள்ளை என்ன செய்துவிட முடியும்? ஆறு மாசத்தில் யாரையாவது பார்த்துக் கட்டிவைப்பார்கள். அதோடு கதை முடிந்தது.

"அவள ஊருக்குக் கொண்டுபோனா உருப்படமாட்டாண்ணே," என்று ஜெயமணியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். ஜெயமணி ஏ.சி. மெக்கானிக், முட்டத்துக்காரர், அவர்களுடைய அன்பியத்தின் தலைவர். அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்து பில்டிங்குகளில் இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாசத்துக்கு இரண்டு தரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லி, டீ குடித்து, ஊர்வம்பு பேசிக் கலைவது. யாருக்கு என்ன வந்தாலும் அன்பியம் வந்து நிற்கும். அதைக் குறை சொல்லவே முடியாது.

"அழாத தங்கச்சி. மாதா ஒரு வழி காட்டுவா," என்றார் ஜெயமணி.

மாதா காட்டினாளோ என்னவோ, ஓர்லா என்கிற அயர்லாந்துக்காரி காட்டினாள். நாற்பது வயசு, குட்டை முடி, டெல்சி படித்த பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். சொந்தமாக நாடகம் எழுதி, ஒரு சின்னக் குழுவை வைத்து நடத்துகிறவள். புதிதாக எழுதிய நாடகத்தில் முக்கியமான வேஷத்தை டெல்சிக்குக் கொடுத்தாள். அதில் வருவது அயர்லாந்துப் பெண்தான். "எங்க நாட்டுல இப்ப எல்லாரும் வெள்ளைக்காரங்களா? உன்ன மாதிரி முகங்களும் இன்னைக்கு அயர்லாந்துதான். மேடை மட்டும் ஏன் பழசாவே இருக்கணும்?" என்றாளாம். அயர்லாந்தில் ஒரு நாடகப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளை ஒருத்தருக்கு முழு உதவியோடு இடம் கொடுக்கிறார்கள், டெல்சியின் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறேன் என்றும் சொன்னாள். ஒரே நிபந்தனைதான். நிஜமான பார்வையாளர்கள் முன்னால் நடித்த நாடகத்தை, வெட்டாமல் ஒட்டாமல் படம்பிடித்து ஏப்ரல் முடிவதற்குள் அனுப்ப வேண்டும்.

ரெபேக்காள் அன்று பூசைக்குக் காணிக்கை போட்டாள். அயர்லாந்து! சிஸ்டர் கான்செப்டாவின் நாடு! அவள் கல்ஃபுக்கு வந்ததே அந்தச் சிஸ்டர் எழுதிக்கொடுத்த ஒரு நற்சான்றுத் தாளின் பலத்தில்தான். இப்போது அதே நாடு மகளையும் கைதூக்கிவிடப் போகிறது என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"கதை என்னது மக்ளே?" என்று கேட்டாள்.

"ஒரு கான்வென்ட்டுல இருக்கிற பொண்ணப் பத்தி," என்றாள் டெல்சி, போனைப் பார்த்துக்கொண்டே.

"சிஸ்டர்மாரு வருவினுமா?"

"வருவாங்க. அம்மா, ப்ளீஸ், நீ வராத. எனக்கு நெர்வஸ் ஆகும்."

இதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சொன்னால் அம்மா தடுப்பாள் என்ற பயம். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இந்த மாதிரிப் பாதிச் சொல்லும் பாதி விழுங்கலும் எந்த வீட்டில்தான் இல்லை? ஆனால் சில வீடுகளில் அது காலை வாரிவிடுகிறது.

நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஓர்லா கவலையில் இருந்தாள். நூற்றிருபது இருக்கை. முப்பதுகூட நிரம்பாது போலிருந்தது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடித்தால் படத்தில் எப்படி இருக்கும்? டெல்சி இதைச் சொல்லிப் புலம்பியதைக் கேட்ட ரெபேக்காளுக்கு, இதுதானா பெரிய விஷயம் என்று இருந்தது. ஆள் சேர்ப்பது அவர்கள் ஊர்க்காரர்களுக்குப் பிறவியிலேயே வரும். திருவிழாவா, கல்யாணமா, ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க வேண்டுமா, பூசை முடிவில் ஒரு அறிவிப்பு கொடுத்தால் போதும். மகளிடம் ஒன்றும் சொல்லாமல், டியூட்டி முடிந்ததும் யூனிஃபார்மோடு நாடக அரங்குக்கு நடந்தே போனாள். கிளினிக்கிலிருந்து இரண்டு தெருதான். முன்பு சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்த கொட்டகை. இப்போது கண்ணாடிக் கதவு போட்டு, கலைக்கூடம் என்று பெயர் வைத்து, காபிக்குத் தனிக் கடை வைத்திருக்கிறார்கள்.

"நான் அறுபது பேரக் கூட்டிட்டு வாறேன் மேடம்," என்றாள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

ஓர்லாவின் கண் கலங்கிவிட்டது. பிறகு ஒரு நொடி தயங்கிக் கேட்டாள். "நாடகம் எதைப் பத்தினதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். சிஸ்டர்மாரப் பத்தி. நாங்க எல்லாரும் சிஸ்டர்மாரால வளர்ந்தவங்க. எங்களுக்கு எல்லாம் தெரியும்."

ஓர்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை தைரியமான ஒரு தாயா என்று நினைத்திருக்க வேண்டும். இவளோ, எத்தனை பக்தியான ஒரு டீச்சர் என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள். இரண்டு பேரும் நல்லவர்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிவில் ஜெயமணி மைக்கில் அறிவித்தார். நம் பங்கின் மகள் டெல்சி, அயர்லாந்து தேசத்துக் கன்னியர்களின் வாழ்வைச் சித்தரிக்கும் நாடகத்தில் நடிக்கிறாள், குடும்பத்தோடு வந்து ஆசீர்வதியுங்கள் என்று. சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு இரண்டு பஸ் நிறைய ஆட்கள் இறங்கினார்கள். பெண்கள் பட்டுச்சேலை, தலையில் பூ. குழந்தைகள் கையில் சிப்ஸ் பாக்கெட். ஜெயமணி முன்வரிசையில் மனைவியோடு உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் ரெபேக்காள். படம்பிடிக்கிற கேமரா பின்னால் மூன்று கால் ஸ்டாண்டில் நின்றது.

விளக்கு அணைந்தது. மேடையில் ஒரு இரும்புக் கட்டில். சாம்பல் நிற அங்கியில் டெல்சி. முதல் காட்சியில் பெண்கள் பூசைப்பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி தரை துடைத்தார்கள். முன்வரிசை திருப்தியாகத் தலையாட்டியது. இரண்டாம் காட்சியில்தான் விஷயம் வெளிவந்தது. கல்யாணமாகாமல் பிள்ளை உண்டாகிவிட்ட பெண்களை அடைத்துவைக்கிற இல்லம் அது. நடத்துகிறவர்கள் கன்னியாஸ்திரிகள். பிறக்கிற குழந்தையைத் தாயிடமிருந்து எடுத்து, காசுள்ள வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஓர்லாவின் பெரியம்மாவுக்கு நடந்தது. அந்த வீட்டில் நாற்பது வருஷம் யாரும் வாயைத் திறக்காத விஷயம். ஓர்லாவின் தலைமுறைதான் அங்கே இதையெல்லாம் எழுதுகிறது, நடிக்கிறது, கத்திச் சொல்கிறது.

ஜெயமணி நெளிய ஆரம்பித்தார். "என்ன தங்கச்சி இது?" என்று குனிந்து கேட்டார். ரெபேக்காள் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மேடையில் டெல்சியின் கையில் துணிச்சுருள். அதுதான் குழந்தை. கன்னியாஸ்திரி வேஷம் போட்டவள் வந்து, நிதானமாக, ரொம்பப் பழக்கமான கையோடு அதை வாங்கிக்கொண்டு பின்கதவை நோக்கி நடந்தாள். டெல்சி கட்டிலிலிருந்து இறங்கி முழங்காலில் நின்றாள். "ஒரே ஒரு தடவை காட்டுங்க. முகத்த மட்டும் பாத்துக்கிறேன்," என்றாள். கத்தவில்லை. தண்ணீர் கேட்கிறது மாதிரிக் கேட்டாள்.

பின்வரிசையில் யாரோ எழுந்தார்கள். "ஏய், இது என்ன அசிங்கம்! நிப்பாட்டு!" ஜெயமணியும் எழுந்து கைகாட்டிக் கத்தினார். "கன்னியாஸ்திரிகள கேவலப்படுத்துதியளா? எல்லாரும் எழும்புங்க!" நாற்காலிகள் மடங்கும் சத்தம். பிள்ளைகள் அழுதன. அந்தக் களேபரத்தில் ரெபேக்காள் எப்போது எழுந்தாள், எப்போது மேடையில் ஏறினாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் அந்தக் கன்னியாஸ்திரி வேஷக்காரியின் கையிலிருந்த துணிச்சுருளைப் பிடித்து இழுத்தாள். "குடு! இங்க குடு!" என்று தமிழில் அலறினாள். பறித்துக்கொண்டு டெல்சியிடம் ஓடி, அவள் மார்பில் வைத்து அழுத்தினாள்.

"அம்மா! இறங்கு! கெட் டவுன்!" என்று டெல்சி அவளைத் தள்ளினாள். துணி கீழே விழுந்து பிரிந்தது. இரண்டு குளியல் துண்டு. சபையில் யாரோ சிரித்தார்கள். விளக்குப் போட்டுவிட்டார்கள்.

அவள் ஏன் ஏறினாள் என்பதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு பெண்ணை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பதினாறு வயசிருக்கும். புருஷன் கிடையாது. மூன்றாம் நாள் விடியற்காலை சிஸ்டர் கான்செப்டா ரெபேக்காளை எழுப்பி, குழந்தையை எடுத்து வா, தாய் பார்க்க வேண்டாம், பார்த்தால் மறக்கக் கஷ்டப்படுவாள், இது இரக்கம், என்றார். ரெபேக்காள் எடுத்தாள். பின்வாசலில் கார் நின்றது. கட்டிலைத் தாண்டும்போது அந்தப் பெண் கேட்டாள், "அக்கா, ஒரு தடவ காட்டுங்கக்கா." ரெபேக்காள் காட்டவில்லை. நடந்துவிட்டாள். சிஸ்டர் சொன்னதை ஏன் என்று கேட்காமல் செய்தாள். அடுத்த வருஷம் சிஸ்டர் அவளுக்கு அந்தத் தாளை எழுதிக்கொடுத்தார். அந்தத் தாளில்தான் அவள் துபாய்க்கு வந்தாள், கல்யாணம் கட்டினாள், டெல்சியைப் பெற்றாள்.

மேடையில் ஏறியபோது அவள் மகளை இழுத்துவர ஏறவில்லை. குழந்தையைத் தாயிடம் கொடுக்க ஏறினாள். இருபத்தாறு வருஷம் தாமதமாக, துண்டுச்சுருளை வைத்துக்கொண்டு! ஆனால் வெளியே நிற்கிறவர்களுக்கு என்ன தெரியும்? மகள் நடித்த அசிங்கத்தைப் பொறுக்காமல் தாய் மேடையேறி நாடகத்தை நிறுத்திவிட்டாள் என்றுதான் அறுபது பேரும் பார்த்தார்கள். ஓர்லா அப்படித்தான் பார்த்தாள். டெல்சியும் அப்படித்தான் பார்த்தாள்.

அரங்கு வைத்திருந்தவர்கள் மத விஷயம், வம்பு வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமைக் காட்சியை ரத்து செய்தார்கள். டெல்சி அம்மாவோடு பேசுவதை நிறுத்தினாள். ஒரே அறையில், இரண்டு கட்டிலுக்கு நடுவில் ஒரு முழம் இடைவெளியில் படுத்துக்கொண்டு பேசாமல் இருப்பது எத்தனை பெரிய தண்டனை என்று பார்ட்டிஷன் போட்ட அறையில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் ஜெயமணி ரெபேக்காளுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"பெத்த பிள்ளைண்ணும் பாக்காம விசுவாசத்துக்காக எழும்பி நின்னா பாருங்க, இவதான் தாய்!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இல்லை, நான் ஏறினது அதுக்கில்ல என்று சொல்ல ரெபேக்காள் வாயைத் திறந்தாள். சொன்னால் எதுக்கு என்று கேட்பார்கள். ஒரு பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தேன் என்று சொல்வாளா? கைகூப்பி உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பொன்னாடையை வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசிப் பைக்குள் திணித்தாள்.

இரண்டு நாள் கழித்து ஓர்லா கிளினிக்குக்கே வந்தாள். கோபத்தோடு வரவில்லை. அதுதான் ரெபேக்காளுக்குத் தாங்கவில்லை. டிரெஸ்ஸிங் ரூமில், கட்டுத்துணிப் பெட்டிகளுக்கு நடுவில், ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பாதியில நின்ன படத்தையே அனுப்பிட்டேன்," என்றாள் ஓர்லா. "அவங்க பாத்துட்டாங்க. டெல்சி அந்த முழங்கால்ல நின்ன இடம் ரொம்பப் பிடிச்சிருக்கு. இடம் இன்னும் போகல."

ரெபேக்காள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு. தாய் தடுக்கிற பொண்ண இந்த மாதிரிப் படிப்புக்குக் கொண்டுபோக அவங்களுக்குப் பயம். நீங்க ஒரு கடிதம் எழுதணும். மகளுக்கு நீங்க தடையில்லன்னு. அன்னைக்கு ஏன் மேடை ஏறினீங்கன்னு. நேரா அவங்களுக்கே அனுப்புங்க, நான் பாக்கக் கூடாது. வியாழக்கிழமைக்குள்ள." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நீங்க ஏன் ஏறினீங்க ரெபேக்கா? அன்னைக்கு உங்க முகத்துல இருந்தது கோபம் இல்ல. நான் பக்கத்துல நின்னேன்."

கேட்கவேண்டிய ஆள், கேட்கவேண்டிய விதத்தில் கேட்டுவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. ரெபேக்காளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. அப்போது வெளியே ஒருவன், "சிஸ்டர், ஜல்தி!" என்று ரத்தம் சொட்டும் கையோடு நின்றான். அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். "எழுதுறேன் மேடம்," என்றாள். அந்த ரத்தம் மட்டும் அன்று சொட்டாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாளா? எனக்கு நம்பிக்கையில்லை.

புதன்கிழமை ஆஃப் டே. டெல்சி வெளியே போயிருந்தாள். ரெபேக்காள் மத்தியானம் சாப்பிடாமல் கட்டிலில் உட்கார்ந்து முதலில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். நாலு வரி வந்தது. ‘நான் மாணவியாக இருந்தபோது ஒரு குழந்தையை’ என்று எழுதியதும் பேனா நின்றது. பதிவில்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொடுத்த நர்ஸ். இது கடல் தாண்டி எங்கே போகும், யார் கையில் மாட்டும்? லைசன்ஸ் போய்விட்டால்? ஷரஃபியாவிலிருந்து நாளைக்கே கூப்பிட்டால்? கோயில் சாமியார் காதுக்குப் போனால்? புருஷன் நெஞ்சுவலிக்காரர், அவருக்குத் தெரிந்தால்? தாளைச் சுக்குநூறாகக் கிழித்து, கழிவறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

பிறகு பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த சிஸ்டர் கான்செப்டாவின் தாளை எடுத்தாள். அயர்லாந்துக்காரர்களுக்கு எழுத வேண்டும். அயர்லாந்துக்காரி எழுதிய மாதிரி இதோ கையிலேயே இருக்கிறது. இதைவிட நல்ல வழிகாட்டி எங்கே கிடைக்கும்? ஊரில் பங்குச்சாமியார் வேலைக்குக் கொடுக்கிற நற்சான்றும் இதே பாணிதான். அவள் வரிக்கு வரி பார்த்து, நல்ல கையெழுத்தில், ஆங்கிலத்தில் எழுதினாள்.

என் மகள் நல்ல கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். பூசை தவறாதவள். பெரியவர்கள் சொன்ன சொல் தட்டாதவள். எதிர்க்கேள்வி கேட்க மாட்டாள். எந்த வேலை கொடுத்தாலும் ஏன் என்று கேட்காமல் செய்வாள். அன்று எனக்குப் பிரஷர் ஏறித் தலைசுற்றியதால் மேடை ஏறிவிட்டேன். நாடகத்தில் உள்ள விஷயம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மகளை உங்கள் கையில் ஒப்படைக்கிறேன். உங்களுக்குச் சரி என்று படுகிறபடி அவளை நடத்திக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட்டு, சிலுவைக் குறி வரைந்து, போனில் படமெடுத்து அனுப்பினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று பசித்தது. குழம்பைச் சூடுபண்ணிச் சாப்பிட்டாள்.

எட்டு நாளில் ஓர்லாவுக்குப் பதில் வந்தது. தானாக முடிவெடுக்கும் சுதந்திரம் இந்தப் பெண்ணுக்கு இருக்கிறதா என்று எங்களுக்கு உறுதியில்லை. இந்த நிலையில் அவளை அழைப்பது சரியாகாது. இந்த வருஷம் இயலாது. கூடவே, காரணம் விளங்கட்டும் என்று ரெபேக்காளின் கடிதத்தையும் அனுப்பியிருந்தார்கள்.

ஓர்லா போன் செய்தாள். அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. "நீங்க நல்லதுக்குத்தான் எழுதினீங்க. எனக்குப் புரியுது. ஆனா என் பெரியம்மாவ அந்த இடத்துல கொண்டுபோய் விட்டாங்களே, அப்ப எங்க ஊர்ப் பாதிரியார் ஒரு தாள் எழுதிக் குடுத்தார். சொன்னபடி கேட்பாள், எதிர்க்கேள்வி கேட்க மாட்டாள், உங்கள் கையில் ஒப்படைக்கிறேன்னு. அதே வார்த்தைங்க ரெபேக்கா. இப்ப எங்க ஆளுங்க அந்த வார்த்தைங்களப் பாத்தா பயப்படுறாங்க."

"நான் வேற எழுதுறேன் மேடம். இப்பமே எழுதுறேன். உண்மைய எழுதுறேன்."

"இடத்த வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க," என்றாள் ஓர்லா.

ரெபேக்காள் போனை வைத்துவிட்டு அடுத்த பேஷண்டுக்கு ஊசி போட்டாள். நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு தரம் குத்தினாள். "மாஃப் கரோ பாய்," என்றாள்.

ஷரஃபியாவிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஜூன் வந்தது. கார்கோவுக்குப் போட அட்டைப்பெட்டிகள் வாங்கிவந்து, தாயும் மகளும் ஒரு காலைப்பொழுதில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜான் பீட்டர் ஊரில் ஒரு பையனைப் பார்த்துவைத்திருந்தார். குடும்பம் நல்ல குடும்பம், பையன் கப்பலில் வேலை, டெல்சிக்கு இஷ்டமா என்று யாரும் கேட்கவில்லை. டெல்சியும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ரெபேக்காளுக்கு அதுதான் பயமாக இருந்தது. மகள் முகத்தில் சண்டைபோடுகிற சொரணையே இல்லாமல் போயிருந்தது.

திடீரென்று டெல்சி கத்தரிக்கோலை வைத்துவிட்டு, போனை எடுத்து நீட்டினாள். திரையில் அந்தக் கடிதம். ஓர்லாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"சொன்ன சொல் தட்டாதவ. ஏன்னு கேக்காம செய்வா. இது யாரும்மா? நான் இல்லையே. உனக்கே தெரியும், நான் சின்ன வயசுல இருந்து உன்கூட சண்டைதான் போடுறேன். இது யாரப் பத்தி எழுதின?"

ரெபேக்காள் தரையில் உட்கார்ந்தாள். இனிமேல் மறைத்து எதைக் காப்பாற்ற? லைசன்ஸா, இடமா, மானமா? எல்லாம் போய்விட்டது. கட்டிலைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் வந்தது, மூன்று நாள் இருந்தது, விடியற்காலை, பின்வாசல், கார். எதையும் குறைக்கவில்லை. தன்மேல் இரக்கம் வரும்படியும் சொல்லவில்லை. "அன்னைக்கு மேடையில நான் ஒன்ன இழுக்க ஏறல மக்ளே. அதக் குடுக்கத்தான் ஏறினேன்," என்றாள்.

டெல்சி போனை அணைத்துத் தரையில் வைத்தாள். வெளியே கார்கோக்காரன் வண்டியின் ஹாரன் கேட்டது.

"இத அன்னைக்கு எழுதியிருந்தா நான் போயிருப்பேன்," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

"ஆமா மக்ளே."

"தெரிஞ்சுதான் எழுதல."

"பயந்துட்டேன்."

டெல்சி தலையாட்டினாள். பிறகு கேட்டாள். "அவங்க பேரு என்ன?"

"யாரு?"

"அந்தப் பொண்ணு. ஒரு தடவ காட்டுங்கன்னு கேட்டவங்க."

ரெபேக்காள் யோசித்தாள். மூன்று நாள் அந்தப் பெண்ணுக்கு ஊசி போட்டிருக்கிறாள், முதுகு துடைத்திருக்கிறாள், கஞ்சி புகட்டியிருக்கிறாள். அந்த முகத்தை இருபத்தாறு வருஷமாக மறக்கவில்லை. பெயர் வரவில்லை. மறந்துபோனதல்ல, அவள் கேட்கவே இல்லை.

"ஆறாம் நம்பர் பெட்டு," என்றாள்.

டெல்சி டேப்பை எடுத்து அடுத்த பெட்டியை ஒட்ட ஆரம்பித்தாள்.